மூன்றாவது சரணம்

ஆளுக்கு ஒரு பாட்டு, உண்மையிலேயே பிடித்த பாட்டாக இருக்க வேண்டும், பந்தாவுக்குப் போடக்கூடாது, ஒருத்தர் போட்டதை இன்னொருத்தர் பாதியில் நிறுத்தக்கூடாது என்று முன்சீட்டிலிருந்து முழுசாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டு வைதேகி சட்டம் போட்டபோது, எழிலரசி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. மழை விட்ட சாயங்காலம், பழைய மகாபலிபுரம் சாலை, முன்னால் ஒரு தண்ணி லாரி, அதற்கு முன்னால் இன்னொரு தண்ணி லாரி, இரண்டும் ஒழுகிக்கொண்டிருந்தன. ஆபீஸ் வண்டி நகர்ந்து வெகுநேரம் ஆகிவிட்டது. டிரைவர் ஸ்டியரிங் மேல் இரண்டு கையையும் போட்டுக்கொண்டு யாரையும் திட்டாமல் உட்கார்ந்திருந்தார்; திட்டுகிற கட்டத்தையெல்லாம் அவர் தாண்டிவிட்டார். உண்மையிலேயே என்ற சொல் எழிலரசிக்குள் மாட்டிக்கொண்டது. பிடித்த பாட்டு என்று சொன்னால் போதாதா, அதென்ன உண்மையிலேயே? பொய்யாகப் பிடித்த பாட்டு என்று ஒன்று இருக்கிறதா என்ன? இருக்கிறது, இருக்கிறது. அவளுக்குத் தெரியாததா, ஆறு வருஷமாக அதை வைத்துத்தானே காலம் தள்ளுகிறாள். வண்டியில் இருந்தவர்கள் நாலு பேர், டிரைவரைச் சேர்க்காமல். வைதேகி, அவளுக்குப் பின்னால் ஜெரால்டு, நடுவில் நிவேதன், இந்த ஓரத்தில் இவள். வரிசை அப்படியே வந்தால் கடைசி இவள்தான். கடைசி என்பது நல்லதா கெட்டதா என்று யோசித்தாள். அதற்குள் லாரி நகர்ந்து வண்டி பறந்துவிட்டால் நல்லது. லாரி நகரவில்லை.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், குளிரூட்டிய அறையில் வட்டமாக உட்காரவைத்து, பேர், ஊர், பிடித்த இசை என்று ஒவ்வொருவரையும் சொல்லச் சொன்னார்கள். அவளுக்கு முன்னால் இருந்தவன் ஜாஸ் என்றான். அவனுக்கு முன்னால் இருந்தவள் வாயில் நுழையாத ஏதோ ஒரு பேரைச் சொன்னாள். ஊர் என்ன, பிடித்த இசை என்ன என்ற இரண்டும் எழிலரசிக்கு ஒரே கேள்வியாகத்தான் கேட்டது. ஊர் பெரம்பூர் என்றாள். அது பொய் இல்லையே, பெரம்பூரில் இறங்கி நடந்தால் வியாசர்பாடி வந்துவிடும், கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம் இந்தப் பக்கம், யார் அளந்து பார்க்கப் போகிறார்கள். பிடித்தது வீணை என்றாள். ஏன் வீணை? அந்த நிமிஷத்தில் வாயில் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தபோது காரணம் சரியாகத்தான் இருந்தது. வீணைக்கு வாய் கிடையாது. வார்த்தை இருந்தால் வார்த்தைக்குள் ஒரு தெரு இருக்கும், தெரு இருந்தால் நீ எந்தத் தெரு என்று கேட்பார்கள். வீணை யாரையும் எதுவும் கேட்பதில்லை. அன்றிலிருந்து வீணை எழில் ஆகிவிட்டாள். பிறந்தநாளுக்கு வீணை படம் போட்ட காபிக் கோப்பை கொடுத்தார்கள். அவிழ்த்துவிட்ட பொய்யைக் காப்பாற்ற வேண்டுமே என்று உட்கார்ந்து வீணை கேட்கப் பழகினாள், கேட்கக் கேட்க அது கொஞ்சம் பிடித்தும் போய்விட்டது. அதுதான் பெரிய கூத்து. இப்போது வீணை பொய்யாகப் பிடித்ததா உண்மையாகப் பிடித்ததா என்று வைதேகியின் சட்டப்படி யார் தீர்ப்புச் சொல்வது? போனை எடுத்து வீணை என்று தேடினாள். சிக்னல் நெரிசலில் போனுக்கும் சிக்னல் இல்லை. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"நான்தான் ஃபர்ஸ்ட்" என்று வைதேகி தன் போனை வண்டி ஸ்பீக்கரோடு இணைத்துக் கொரியாக்காரப் பையன்கள் பாடிய ஒன்றைப் போட்டாள். மயிலாப்பூரில் இருக்கும் அவள் அம்மா பாட்டு டீச்சர், சாயங்காலம் ஆனால் வாசல் நிறையச் செருப்பு. "அம்மா கேட்டா நெஞ்சு வெடிச்சிடும்டி. எனக்கு சரளி வரிசையே மறந்துபோச்சு, இந்தப் பாட்டுல ஒரு வார்த்தை தப்பாம பாடுவேன்" என்று தோளைக் குலுக்கிக்கொண்டு கூடவே பாடினாள். வார்த்தைக்கு அர்த்தம் தெரியுமா என்று ஜெரால்டு கேட்டான். "எதுக்குத் தெரியணும்?" என்றாள். எழிலரசி சிரித்தாள், எல்லாரும் சிரித்தபோது சிரித்தாள். வைதேகியால் முடியும். அவள் வீட்டில் தம்புரா இருக்கிறது, அதனால் அவள் கொரியாவுக்குப் போகலாம், ஆடலாம், திரும்பி வந்து தம்புரா பக்கத்தில் உட்காரலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். வீட்டைப் பற்றிக் கவலை இல்லாதவர்கள்தான் வீட்டைக் கேலி செய்வார்கள். இதே கொரியாப் பாட்டைத் தேசிங்கு எப்போதோ கேட்டிருக்கிறான், அவன் கேட்காதது எது? "யக்கா, இத கேளு, இவனுங்க அத்தினி பேரும் ஒரே மாரி கீறானுங்க, ஆனா மூணாவதா பாட்றவன் மட்டும் அழுவற மாரி பாட்றான் பாரு" என்று ஒரு காது இயர்போனை எடுத்து இவள் காதில் சொருகியது நினைவு வந்தது. இவள் அப்போது பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். போடா என்று பிடுங்கி எறிந்தாள். இப்போது ஸ்பீக்கரில் மூன்றாவது குரல் வந்தது. அழுகிற மாதிரியேதான் இருந்தது.

தம்பி தேசிங்கு. தாத்தா பேர். பள்ளிக்கூடத்தில் அந்தப் பேரை வைத்துக் குதிரை எங்கேடா என்று கேட்டுக் கேட்டு அவனைப் பாதியிலேயே விரட்டிவிட்டார்கள், பாதி அவனாகவும் ஓடினான். மெயின் ரோட்டில் ஒரு செல்போன் கடையில் உட்கார்ந்தான். ரீசார்ஜ், ஸ்க்ரீன் ஒட்டுவது எல்லாம் முதலாளி வேலை. மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தருவது இவன் வேலை. மீன்பாடி வண்டிக்காரர், பூக்காரம்மா, ஆட்டோக்காரர், சர்ச்சுக்குப் போகிறவர், சபரிமலைக்கு மாலை போட்டவர், எல்லாரும் கார்டைக் கொடுத்துவிட்டு நின்றால், பேர் கேட்க மாட்டான், என்ன பாட்டு வேண்டும் என்றும் கேட்க மாட்டான், பழைய கார்டில் இருப்பதைப் பார்ப்பான். "கார்ட பாத்தாலே ஆளு தெரிஞ்சிடும்க்கா. வெளிய சாமி பாட்டு, உள்ள ஒரு ஃபோல்டர்ல மட்டும் காதல் தோல்வியா வெச்சிருப்பானுங்க" என்பான். அந்த உள் ஃபோல்டருக்குப் பொருத்தமாக யாரும் கேட்காத நாலு பாட்டைத் தன் கணக்கில் சேர்த்துக் கொடுப்பான். ஆட்டோக்காரருக்கு ஷெனாய், பூக்காரம்மாவுக்கு ஆப்பிரிக்க மேளம். ஒரு வாரம் கழித்து வந்து, யாருப்பா அது, அது மாரி இன்னும் இருந்தா போடு என்பார்கள். அவனுக்கு அதில் அத்தனை சந்தோஷம், எழிலரசி அப்போது அதை ஒரு வேலையாகவே மதிக்கவில்லை. ஒருநாள், "எனக்கு வீணை ஏத்திக் கொடுடா" என்று கேட்டாள். அவன் நிமிர்ந்து பார்த்தான். ஏன் என்று கேட்பான், கேட்டால் எரிந்துவிழலாம் என்று காத்திருந்தாள். கேட்கவில்லை. ஒரு கார்டு முழுக்க ஏற்றிக் கொடுத்தான், உள் ஃபோல்டர் எதுவும் வைக்கவில்லை. அவளுடைய கார்டைப் பார்த்து அவன் என்ன தெரிந்துகொண்டான் என்பது இன்றுவரை அவளுக்குத் தெரியாது, இனிமேல் தெரியப்போவதும் இல்லை.

ஜெரால்டு முறை. நாகர்கோவில்காரன், ஞாயிற்றுக்கிழமை எழும்பூர் சர்ச்சில் வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு அடித்தொண்டையில் பாடுகிறவன், அவன் போட்டது காது கிழியும் மெட்டல். "பயப்படாதீங்க மக்களே, கொஞ்சம் நேரம் இரைச்சலா இருக்கும், பொறவு நடுவுல ஒரு கிட்டார் வரும், அதுக்காவத்தான்" என்றான். டிரைவர், "சார், ஸ்பீக்கர் கிழிஞ்சா ஓனர் என்னக் கிழிப்பாரு" என்றார். பாடகன் வாந்தியெடுக்கிற மாதிரி கத்தினான். எழிலரசிக்குப் பசித்தது. மத்தியானம் சரியாகச் சாப்பிடவில்லை, படிக்கட்டில் உட்கார்ந்து இயர்போன் மாட்டிக்கொண்டிருந்ததில் இடைவேளை போய்விட்டது. எதைக் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பதை இப்போது நினைக்கக்கூடாது. நினைக்கக்கூடாது என்றதும் ஆஸ்பத்திரி வராந்தா வந்து நின்றது. டெங்கு என்றார்கள், அணுக்கள் குறைகிறது என்றார்கள், இதோ ஏறிவிடும் என்றார்கள். அன்றைக்கு ஆபீஸில் சாஃப்ட்வேர் ரிலீஸ் வேலை, மடியில் லேப்டாப் வைத்துக்கொண்டு வராந்தாவிலேயே உட்கார்ந்து, மீட்டிங்கில் யெஸ் யெஸ் என்று சொல்லிக்கொண்டிருந்தாள், உள்ளே அம்மா கத்தியது கேட்டு மைக்கை மட்டும் அணைத்தாள். தம்பி போய்விட்டான். மேனேஜருக்கு என்ன எழுதினாள்? சொந்தத்தில் ஒருவர் தவறிவிட்டார் என்று எழுதினாள். தம்பி என்று எழுத வரவில்லை. எழுதினால் மாலை வாங்கிக்கொண்டு எல்லாரும் வண்டி பிடித்து வருவார்கள், நல்ல மனுஷர்கள், கண்டிப்பாக வருவார்கள். வந்தால் அந்தத் தெரு, தெருவை அடைத்துப் பந்தல், பந்தலில் கானா, மேளத்துக்குச் சட்டையைக் கழற்றிச் சுற்றி ஆடுகிற தேசிங்கின் சேக்காளிகள், குடித்துவிட்டு அவள் காலில் விழுந்து அழுகிற குமாரு, எல்லாவற்றையும் பார்ப்பார்கள். வைதேகி மூக்கைப் பொத்த மாட்டாள், அவ்வளவு மோசமானவள் இல்லை. ஆனால் பொத்தாமல் இருக்கக் கஷ்டப்படுவாள், அதை எழிலரசி பார்க்க வேண்டியிருக்கும். வெட்கம். வேறு பேர் வைத்து அழைக்க ஒன்றும் இல்லை, வெட்கம்தான். தம்பி செத்துக் கிடக்கும்போதும் அது செத்துத் தொலையவில்லை. சொந்தத்தில் ஒருவர் என்பதற்குக் கம்பெனி இரண்டு நாள் கொடுத்தது. பாலூற்றிய மறுநாள் காலை, பந்தல் பிரிக்காத தெருவில், மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு நடுவே லேப்டாப் பையை மாட்டிக்கொண்டு நடந்தாள். எல்லாரும் பார்த்தார்கள். ஜெரால்டின் கிட்டார் வந்தது. "வந்துச்சா, வந்துச்சா!" என்று அவன் கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தட்டினான். நன்றாகத்தான் இருந்தது. வண்டி ஒரு அடி நகர்ந்து நின்றது.

தெருவில் இது வழக்கம். செத்த அன்றைக்குப் பாடுவது ஒன்று, வருஷம் திரும்பும்போது சேக்காளிகள் காசு போட்டு நினைவுப் பாட்டு எடுப்பது இன்னொன்று. அதைச் சும்மா வாயில் பாட மாட்டார்கள். மாடியில் ஒரு சின்ன ஸ்டுடியோ இருக்கும், கீபோர்டு, பேடு, எல்லாம் வைத்து, கல்யாணத்தில் போட்டால்கூட ஆள் ஆடும், அப்படி அடி. பாடுகிறவர் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, "பேருங்கள சொல்லுங்கம்மா, அப்பா பேரு, அம்மா பேரு, கூடப் பொறந்தது யாரு" என்று கேட்டுக்கொண்டு போவார். தேசிங்குக்காக அவர் வந்தபோது இவள் உள்ளே இருந்தாள், வெளியே வரவில்லை. பேர், கதை எல்லாம் அத்தைதான் சொல்லியிருக்கிறாள். பல்லவி தேசிங்கின் கடை, முதல் சரணம் அம்மா, இரண்டாவது அப்பா, மூன்றாவது அக்கா, கடைசி சேக்காளிகள். போன மாதம் குமாரு அதைப் போனில் அனுப்பினான். ஒருமுறை கேட்டுவிட்டு அழித்துவிடலாம் என்றுதான் திறந்தாள். அன்றிலிருந்து தினமும் கேட்கிறாள், படிக்கட்டில், கழிவறையில், ரயிலில், எப்போதும் ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டு, இன்னொரு காது யாராவது வருகிறார்களா என்று பார்க்க. மூன்றாவது சரணத்தில் வந்து தினமும் முட்டிக்கொள்வாள். அக்கா எழிலரசி ஆபீஸு போனா, அவ அழுவக்கூட லீவு இல்ல, லேப்டாப்ப தூக்கினு போனா. அது பரிதாபமா குத்தலா? ஒருநாள் கேட்டால் பரிதாபம், பாவம் பொண்ணு, கூடப் பிறந்தவன் போனதற்குக்கூட அந்தக் கம்பெனிக்காரப் பாவி லீவு கொடுக்கவில்லையே என்று தெருவே அவளுக்காக வயிறெரிகிற மாதிரி இருக்கும். மறுநாள் கேட்டால் அதே வரி செருப்பால் அடித்த மாதிரி இருக்கும். லீவு இல்லையா, கேட்டாயா நீ? தம்பி என்று சொல்லிக் கேட்டாயா? தெருவுக்கு அது தெரியாது. பாடியவருக்குத் தெரியாது. தெரியாமல் அத்தனை பாசமாகப் பாடிவைத்திருக்கிறார்கள், இவள் அந்தப் பாசத்தை ஒற்றைக் காதில் திருட்டுத்தனமாக வாங்கிக்கொண்டிருக்கிறாள்.

நிவேதன் போட்டது பழைய மெலடி, கோயம்புத்தூர்க்காரனுக்கே உரிய நிதானத்தோடு போனை இணைத்து, சத்தத்தைக் குறைத்து, "இது எங்கப்பா பாட்டுங்க" என்றான். எல்லாருக்கும் தெரிந்த பாட்டு, டிரைவர்கூடத் தலையாட்டினார். பாதியில், யாரும் கேட்காமலே, "அவரு போன அன்னிக்குக் காத்தால ரேடியோல இதுதான் ஓடுச்சுங்க. ஆஃப் பண்ணவா வேண்டாமான்னு தெரியல. அம்மா வேண்டாம்னாங்க. முடியற வரைக்கும் அப்படியே நின்னோம்" என்றான். வைதேகி கையை நீட்டி அவன் முழங்காலைத் தொட்டாள். ஜெரால்டு, "விடு மக்கா" என்றான். இவ்வளவுதானா, என்று எழிலரசிக்கு ஆச்சரியமாக இருந்தது. இவ்வளவு சுலபமா இது? வாயைத் திறந்து அப்பா போன அன்றைக்கு என்று சொன்னான், எல்லாரும் அவனைத் தொட்டார்கள், முடிந்தது, அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரிக்கிறான். எனக்கும் ஒன்று இருக்கிறது என்று இப்போது சொன்னால் என்ன? என் தம்பி, போன வருஷம், சொந்தத்தில் ஒருவர் என்று சொன்னேனே அது அவன்தான். நாக்கில் வந்துவிட்டது. ஏன் அப்போதே சொல்லவில்லை என்று வைதேகி கேட்பாள், அதுதான் வம்பு, அதற்குப் பதில் சொல்லப்போனால் வீணையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நிவேதனின் பாட்டு எல்லாருடைய பாட்டு, அவன் துக்கத்தை அதில் வைத்துக் கொடுத்தால் எல்லாரும் கையில் வாங்கிக்கொள்வார்கள். இவளுடையதை எதில் வைத்துக் கொடுப்பது? ஆனாலும் சொல்லலாம், இப்போது சொல்லலாம், இந்தப் பாட்டு முடிவதற்குள் சொல்ல வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. கடைசி வரி. கடைசி வரி இரண்டாம் முறை. வாயைத் திறந்தாள். "அடுத்து வீணை, எல்லாரும் தலகாணிய எடுங்க" என்றான் ஜெரால்டு, சூழ்நிலையைக் கொஞ்சம் லேசாக்க நினைத்து, நல்ல எண்ணத்தோடு. எல்லாரும் சிரித்தார்கள். நிவேதனும் சிரித்தான். எழிலரசி வாயை மூடிக்கொண்டாள்.

போனில் வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. "கனெக்ட் பண்ணுடி, என்ன பாத்துட்டிருக்க" என்றாள் வைதேகி. இணைத்துவிட்டால் நேரம் கிடைக்கும், அதற்குள் வீணை வந்துவிடும் என்று அவள் ஸ்பீக்கரின் பேரைத் தொட்டாள். இந்தப் போன்களுக்கு ஒரு புத்தி உண்டு, எதனோடு இணைத்தாலும் கடைசியாக எதை எங்கே விட்டோமோ அதை அங்கிருந்து தானாகவே எடுத்துப் பாட ஆரம்பித்துவிடும். எல்லாருக்கும் தெரிந்த விஷயம், அவளுக்கும் தெரியும், தெரிந்தும் அந்த நேரத்துக்கு மறந்தது. படிக்கட்டில் அவள் கடைசியாக விட்டது பாட்டின் முதல் அடியில். டும் என்று அடி விழுந்தது. நாலு ஸ்பீக்கரும் ஒன்றாக அதிர, ஜன்னல் கண்ணாடி நடுங்க, கரகரத்த அந்தக் குரல் வண்டிக்குள் வந்து உட்கார்ந்தது. மெமரி கார்டு தேசிங்கு மேல போயிட்டான், எங்க மெயின் ரோட்டுக் கடையப் பூட்டி சாவிய எடுத்துட்டான். வைதேகி வீல் என்று கத்தினாள். "வீணை எழில்! என்னடி இது! கானாவா? நீயா!" ஜெரால்டு, "எம்மா, இத்தன நாளா எங்கள ஏமாத்திட்டியே பிள்ள" என்று கூரையில் தாளம் போட ஆரம்பித்தான். நிவேதன்கூட, இப்போதுதான் கண்ணைத் துடைத்தவன், தோளை ஆட்டினான். எழிலரசியின் கட்டைவிரல் நிறுத்தும் பொத்தானுக்கு மேலே இருந்தது. அழுத்து, அழுத்து. "ஏய், நிறுத்தக்கூடாது, ரூல்ஸ்!" என்று வைதேகி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். வைதேகி பிடிக்காவிட்டால் மட்டும் அழுத்தியிருப்பாளா? தேசிங்கின் பேர் இவ்வளவு சத்தமாக, இரண்டு காதுக்கும் கேட்க, ஆள்கள் நடுவில் ஒலித்து இதுவரை அவள் கேட்டதில்லை. ஒற்றைக் காதில் இத்தனை நாள் பாதிப் பாட்டுத்தான் கேட்டிருக்கிறாள். இடதுபக்கம் ஒரு சின்ன மணிச்சத்தம் இருந்தது, அவளுக்குத் தெரியவே தெரியாது.

அம்மா சரணம் வந்தது. பெத்தவ கண்ணு மூடல, பிள்ள கண்ண மூடிட்டான். "ஐயோ, யாரோ செத்துட்டாங்களா பாட்டுல?" என்றாள் வைதேகி ஆடிக்கொண்டே. "கானான்னா அப்படித்தான். சாவையும் ஆடிட்டுத்தான் பாடுவாவ, அதாக்கும் கெத்து" என்று ஜெரால்டு பாடம் எடுத்தான். சரியாகத்தான் சொன்னான், அதில் தப்பு ஒன்றும் இல்லை. அவர்கள் யாரையும் கேலி செய்யவில்லை, உண்மையாகவே அவர்களுக்குப் பிடித்துவிட்டது. அதுதான் தாங்கவில்லை. கேலி செய்திருந்தால் கோபம் வந்திருக்கும், கோபத்தில் ஒரு வார்த்தை வந்திருக்கும். யாரும் கேட்காமலே நாலு பாட்டு ஏற்றிக் கொடுப்பானே, அப்படி இந்த மூன்று பேருக்கும் தேசிங்கு தன்னையே ஏற்றிக் கொடுத்துவிட்டான் என்று தோன்றியது. அவனுக்கு இது பிடித்திருக்கும். அவன் இருந்தால் வைதேகியின் முகத்தைப் பார்த்துவிட்டு, "யக்கா, இந்தக்காக்கு எது ஏத்தணும்னு எனக்குத் தெரிஞ்சிபோச்சி" என்று காதில் சொல்லியிருப்பான். "யாருடி இந்த மெமரி கார்டு தேசிங்கு? செம கேரக்டர்" என்று கேட்டாள் வைதேகி. நேரான கேள்வி, நேரான பதில் இருந்தது. ஒரே ஒரு வார்த்தை. சொன்னால் ஆட்டம் நிற்கும், தாளம் போடுகிற கை கூரையிலிருந்து இறங்கும், சாரி சாரி என்பார்கள், வண்டிக்குள் அவன் மறுபடியும் சாவான். "தெரியல. யாரோ ஏரியா ஆளு" என்றது அவள் வாய். சொன்ன பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது. சொந்தத்தில் ஒருவராவது சொந்தத்தில் இருந்தார். அப்பா சரணம் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு அடுத்தது என்ன என்று அவளுக்குத் தெரியும், வண்டியில் வேறு யாருக்கும் தெரியாது. மணிக்கட்டு வைதேகியின் கையில் இருந்தது. இன்னும் இரண்டு வரி. கதவைத் திறந்து இறங்கிவிடலாம், பைக்குகள் ஓரமாக நுழைந்துகொண்டிருந்தன, திறக்க வழியில்லை. இன்னும் ஒரு வரி. போனைத் தரையில் போடலாம், போட்டால் பாட்டு நிற்காது. அடி ஒருமுறை ஓய்ந்து, குரல் மட்டும் தனியாக மூச்சு வாங்கியது.

அக்கா எழிலரசி ஆபீஸு போனா, அவ அழுவக்கூட லீவு இல்ல, லேப்டாப்ப தூக்கினு போனா. வண்டி அலறியது. டிரைவரே திரும்பிப் பார்த்தார். "எழிலரசி! உன் பேருடி! உன் பேரு!" வைதேகி சீட்டின் மேல் முட்டி போட்டு எழுந்துவிட்டாள். "லேப்டாப்ப தூக்கினு போனா! ஏய், நம்ம கதைடா இது, ஐடி கானாடா!" என்று ஜெரால்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அழக்கூட லீவு இல்லீங்க, அந்த லைன் எழுதுனவருக்குக் கையெடுத்துக் கும்பிடணும்" என்றான் நிவேதன், சிரிப்பில் கண்ணீர் வர. "அதான் இந்தப் பாட்டு பிடிச்சிருக்கா உனக்கு? உன் பேரு வருதுன்னு?" என்று கேட்டாள் வைதேகி. எழிலரசி அவளைப் பார்த்தாள். வைதேகியின் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். ஆறு வருஷத்தில் முதல்முறையாகத் தோழியின் உள்ளுக்குள் எதையோ கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் அது. "ஆமா" என்றாள் எழிலரசி. சேக்காளிகள் சரணம் ஆரம்பித்திருந்தது, குமாரு பேர் வந்தது, அதை யாரும் கேட்கவில்லை. "அந்த லைன் மறுபடி, ப்ளீஸ், ப்ளீஸ், ஸ்டேட்டஸ் போடணும்" என்று வைதேகி மணிக்கட்டை விட்டுவிட்டுத் தன் போனை எடுத்து இவள் முகத்துக்கு நேரே பிடித்தாள். கை விடுபட்டுவிட்டது. இப்போது நிறுத்தலாம். தடுக்க யாரும் இல்லை, பொத்தான் விரலுக்குக் கீழேயே இருந்தது. எழிலரசி விரலால் பாட்டைப் பின்னால் இழுத்தாள். "உன் பேரு வரும்போது கையத் தூக்கணும், என்ன?" என்றாள் வைதேகி. தூக்கு தூக்கு என்று மற்ற இரண்டு பேரும் தாளம் போட்டார்கள். லாரி நகர்ந்து, டிரைவர் கியரைப் போட்டு, வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிக் கிளம்பியது. அடி ஓய்ந்தது, குரல் மூச்சு வாங்கியது, அக்கா எழிலரசி என்றது. அவள் கையைத் தூக்கினாள். விசிலடித்தார்கள். பாட்டு அடுத்த வரிக்குப் போன பிறகும், வைதேகி போதும்டி எடுத்தாச்சு என்று சிரித்த பிறகும், அவளுக்கு அந்தக் கையை இறக்கத் தெரியவில்லை.